உப்பும் துருவும் உங்கள் காரும்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் காரின் பெயின்ட் பராமரிப்பு பற்றி எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை துருவைப் பற்றியே கேட்டிருந்தன. பாதிக் கடிதங்கள் நம் கடற்கரையோரப் பகுதிகளிலிருந்தும், மீதிக் கடிதங்கள் பிள்ளைகளைப் பனிநாடுகளுக்கு அனுப்பிவிட்டு இங்கிருந்து கவலைப்படும் பெற்றோரிடமிருந்தும் வந்திருக்கின்றன. இரண்டுக்கும் காரணம் உப்புதான் என்பதால் அனைத்தையும் ஒரே இதழில் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகன் கனடாவில், டொரன்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறான். ஆறு வருடம் ஓடிய கார் ஒன்றைப் போன மாதம் வாங்கியிருக்கிறான். குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு காரை அரித்துவிடும் என்று பயப்படுகிறான். வருடாவருடம் அடிப்பாகத்தில் எண்ணெய் அடிக்க வேண்டும் என்கிறார் ஒருவர். கருப்பு கோட்டிங் ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்கிறார் இன்னொருவர். எது சரி? எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்கும் புரியும்படி எழுதினால் அவனுக்குப் போனில் படித்துக் காட்டுவேன்.
— ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: அம்மா, காரைப் பற்றித் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உப்பைப் பற்றி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஐப்பசி அடைமழையில் கல் உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஜாடியில் இரும்புக் கரண்டியைப் போட்டுவைக்காமல் மரக் கரண்டியையோ கொட்டாங்கச்சி அகப்பையையோ போட்டுவைக்க வேண்டும் என்பதும் உங்கள் வீட்டில் யாரும் சொல்லித்தராமலே வந்த பழக்கமாக இருக்கும். கல் உப்பு அவ்வளவு நீர் விடுவதற்குக் காரணம் அதில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடு. உங்கள் மகன் கார் ஓட்டும் சாலையில் இருப்பது ஏறத்தாழ அந்த ஜாடிதான்.

அங்கே நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை சாலையில் உப்புத் தூவுகிறார்கள். உப்புக் கரைந்த நீர் 0 டிகிரியில் உறைவதில்லை. 23 சதவீதக் கரைசலாக இருந்தால் மைனஸ் 21 டிகிரி வரை நீராகவே நிற்கும். ஆனால் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே சாதாரண உப்பு பனியை இளக்கும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடுவதால், கடுங்குளிரில் கால்சியம் குளோரைடையும் மெக்னீசியம் குளோரைடையும் பயன்படுத்துவதுண்டு. டொரன்டோவில் பீட் கிழங்குச் சாறு கலந்த உப்புக் கரைசலைத் தெளிப்பதும் உண்டு. நாம் தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் பாத்தி கட்டி உப்பு எடுக்கிறோம். அவர்களுக்கோ அதே ஒன்டாரியோ மாகாணத்தில், கோடரிச் என்னும் ஊரில், ஹியூரான் ஏரிக்கு அடியிலேயே உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. உப்பு அவ்வளவு அருகில், அவ்வளவு மலிவாகக் கிடைப்பதால் சாலையில் அதைத் தூவுவது நிற்கப்போவதில்லை. காரைத்தான் நாம் காப்பாற்றியாக வேண்டும்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் போதும். உப்பு செய்யும் கெடுதல் இரண்டு: அது நீரை மின்சாரம் கடத்தும் திரவமாக்கித் துருப்பிடிக்கும் வேகத்தைக் கூட்டுகிறது, ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு இரும்பைக் காயவும் விடுவதில்லை. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் மேலிருக்கும் பெயின்ட்டை உப்பவைத்துப் பிளக்கிறது, பிளந்த வழியே மேலும் உப்புநீர் நுழைகிறது. கண்ணுக்குத் தெரியும் பானட்டிலும் கதவின் வெளிப்பக்கத்திலும் இது தொடங்குவது குறைவு. மட்கார்டின் உள்விளிம்பு, கதவின் அடிமடிப்பு, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் பெட்டி போல ஓடும் பகுதி, பிரேக் ஆயில் போகும் இரும்புக் குழாய்கள் ஆகிய இடங்களில்தான், அதாவது சேறும் உப்பும் போய் உட்கார்ந்து வெளியே வர முடியாத இடங்களில்தான், வேலை நடக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆறு வருடம் உப்புச் சாலையில் ஓடிய காருக்கு எண்ணெய்தான் சரி. கருப்பு கோட்டிங் வேண்டாம்.

கருப்பு கோட்டிங் என்பது ரப்பரும் தாரும் கலந்த கெட்டியான பூச்சு. கல் அடியைத் தாங்கும். ஷோரூமிலிருந்து வந்த புதுக் காரில், சுத்தமான காய்ந்த இரும்பின்மேல் போட்டு, வருடம் ஒருமுறை வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் அது நல்ல காவல்தான். ஆனால் பழைய காரின் இடுக்குகளில் ஏற்கெனவே உப்பும் துருவும் இருக்கும். அவற்றின்மேல் கெட்டியாகப் பூசினால் நோயை உள்ளே வைத்துத் தைத்தது போலாகும். இதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் என் சொந்தக் காருக்கு ஒரு கடையில் கோட்டிங் போட்டேன். வாட்டர் சர்வீஸ் முடிந்த அரை மணி நேரத்தில், அடிப்பாகம் காயாமலேயே அடித்துவிட்டார்கள். நானும் அருகில் நின்று கவனிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து லிஃப்டில் ஏற்றி ஸ்க்ரூ டிரைவரின் முனையால் லேசாக அழுத்தியபோது, பார்க்கப் பளபளப்பாக இருந்த அந்தக் கருப்புத் தோல் உள்ளே அமுங்கியது. கீறிப் பார்த்ததும் தேநீர் நிறத்தில் நீர் வழிந்தது. பின்னால் இருந்த தகடு அப்பளம் போல் நொறுங்கிக் கையோடு வந்தது. கீழே நீர் வடிய வேண்டிய துளைகளின்மேலும் அதே கோட்டிங் அடைத்துக்கொண்டிருந்தது.

எண்ணெய் அப்படியல்ல. இதற்கென்றே தயாரித்த மெல்லிய எண்ணெய், மடிப்புகளுக்குள் தானாகவே ஊர்ந்து சென்று, அங்கிருக்கும் துருவையும் நனைத்து, நீரையும் காற்றையும் இரும்பிடமிருந்து தள்ளிவைக்கிறது. ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் என்னும் மெழுகில் செய்தவையும் கிடைக்கின்றன. அவை சற்றுக் கெட்டியாக நிற்பதால் சாலை நீரில் அவ்வளவு சீக்கிரம் கழுவிப்போகாது. இரண்டுமே நிரந்தரமல்ல. வருடம் ஒருமுறை, செப்டம்பர் அல்லது அக்டோபரில், உப்புத் தூவத் தொடங்குமுன், கார் நன்றாகக் காய்ந்திருக்கும் நாளில் அடிக்க வேண்டும். அடிப்பாகத்தில் மட்டும் அடித்துவிட்டு அனுப்பினால் பாதி வேலைதான் ஆனது. கதவுகளின் உள்ளும், கதவுகளுக்குக் கீழே உள்ள பெட்டிப் பகுதியின் உள்ளும், டிக்கி மூடியின் மடிப்பிலும் குழாய் விட்டு அடிக்கச் சொல்லுங்கள். சில கடைகளில் இதற்காகச் சிறு துளை போட்டு ரப்பர் மூடி வைப்பார்கள்; எங்கே துளை போடுகிறார்கள் என்று முன்கூட்டியே காட்டச் சொல்லட்டும். பிரேக் டிஸ்க்கிலும் சைலன்சரிலும் எண்ணெய் படக் கூடாது. அடித்தபின் ஓரிரு நாள் எண்ணெய் சொட்டும். அது எல்லா இடுக்கிலும் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம், கவலைப்பட வேண்டாம்.

இதோடு கழுவுவதும் சேர வேண்டும். குளிர் தணிந்து வெயில் எட்டிப்பார்க்கும் நாட்களில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது, அடிப்பாகத்தையும் சேர்த்துக் கழுவும் இடத்துக்குக் கொண்டுபோகட்டும். சில இடங்களில் கழுவிய நீரையே சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவார்கள். கடைசி அலசலாவது புது நீரில்தானா என்று கேட்டுக்கொள்வது நல்லது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமும் துருப்பிடித்த பிரேக் குழாய்கள் பற்றி 2015-இல் விடுத்த எச்சரிக்கையில், குளிர்காலம் முழுவதும் அடிப்பாகத்தைக் கழுவி, வசந்தம் வந்ததும் இன்னொருமுறை முழுமையாகக் கழுவச் சொல்லியது. அந்தக் கடைசிக் கழுவலை உங்கள் மகன் தவறவிடக் கூடாது, அம்மா. பனி போய்விட்டது என்று எல்லோரும் மறந்துவிடும் ஏப்ரல் மாதத்தில்தான் தேங்கிய உப்பும் ஏறும் வெப்பமும் ஒன்றுசேர்கின்றன.

கேள்வி: மாண்ட்ரியலில் இருக்கும் என் மகளின் அடுக்குமாடிக் குடியிருப்பில் வெப்பமூட்டிய நிலத்தடிப் பார்க்கிங் இருக்கிறது. கார் பனியில் நிற்காமல் கதகதப்பாக நிற்பதால் துரு வராது அல்லவா?
— ஒரு வாசகர், கோடம்பாக்கம்

பதில்: வருத்தத்துடன்தான் எழுதுகிறேன், ஐயா, இதில் நாம் இயல்பாக நினைப்பதற்கு நேர்மாறாகவே நடக்கிறது. எந்த வேதிவினையும் குளிரில் மெதுவாகவும் வெப்பத்தில் வேகமாகவும் நடக்கும். மைனஸ் 15 டிகிரியில் வெளியே நிற்கும் காரில் உப்பும் பனியும் ஒட்டியிருந்தாலும் துரு மிக மெதுவாகவே வேலை செய்யும். அதே கார் தினமும் மாலையில் வெப்பமான இடத்துக்குள் வந்தால் பனி இளகி, உப்புக் கரைசல் எல்லா மடிப்பிலும் இறங்கி, இரவு முழுவதும் இதமான சூட்டில் இரும்பைத் தின்னும். மகளின் வசதிக்காக அந்த இடத்தைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் வெளியே நிற்கும் காரைவிட அவருடைய காருக்குத்தான் அடிக்கடி கழுவலும் வருடாந்திர எண்ணெயும் தேவை. காருக்குள் விளிம்பு உயர்ந்த ரப்பர் மேட் போடச் சொல்லுங்கள். பூட்ஸில் ஒட்டி வரும் உப்புப் பனி இளகி, கார்ப்பெட் வழியே தளத் தகட்டுக்குப் போவதை அது தடுக்கும்.

கேள்வி: திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். பணி ஓய்வு பெற்றபின் வாங்கிய காருக்கு நான்கே வயது. தினமும் காலையில் நானே ஒரு வாளி நீரில் துடைக்கிறேன், இரவில் கவர் போட்டு மூடுகிறேன். அப்படியும் கதவின் அடியில் பழுப்புக் கோடு தெரிகிறது. மழைநீரும் பூச்சிகளும் புகாமல் இருக்கக் கதவின் அடித்துளைகளை எம்-சீல் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பனியே இல்லாத ஊரில் எனக்கு ஏன் இந்தத் தொல்லை?
— ஒரு வாசகர், திருவான்மியூர்

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள்: அந்தத் துளைகளை அடைக்காதீர்கள். ஏற்கெனவே அடைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கதவுக் கண்ணாடியில் விழும் மழைநீர் கதவின் உள்ளே இறங்கி வெளியேறுவதற்கென்றே அவற்றை விட்டிருக்கிறார்கள். ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் தொழிற்சாலையில் காரின் கூட்டை முதல் பூச்சுத் தொட்டியில் முக்கி எடுக்கும்போது, அந்தப் பூச்சு உள்ளே போய் வடிந்து வருவதும் இத்தகைய துளைகளின் வழியாகத்தான். அவை அடைபட்டால் கதவு ஒரு குடமாகிவிடும். ஒரு ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து, அடிவிளிம்பில் உள்ள ஒவ்வொரு துளையிலும் மெதுவாக விட்டுப் பாருங்கள். உங்கள் காருக்கு நான்கு வயது என்பதால் ஒன்றிரண்டிலாவது கறுத்த சேறு அடைத்திருக்கும்; குச்சியை உருவியதும் சொட்டுச் சொட்டாக நீர் இறங்கினாலும் ஆச்சரியமில்லை. மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள், பைசா செலவில்லை.

உங்கள் ஊரில் பனி இல்லை, ஆனால் உப்பு காற்றிலேயே வருகிறது. அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றில் ஏறி, கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள்தான் மிக அதிகமாகப் படிகின்றன. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானாகவே நீராகிவிடும் தன்மை உடையது. சென்னையில் விடியற்காலை ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் அந்த அளவைத் தாண்டுகிறது. ஆகவே உங்கள் காரின்மேல் படிந்த உப்பு ஒவ்வொரு இரவும் கரைந்து, நண்பகலில் காய்ந்து, மறு இரவு மீண்டும் கரைகிறது. கனடாவில் ஆண்டுக்கு ஐந்தாறு மாதம் நடப்பது உங்களுக்குப் பன்னிரண்டு மாதமும் நடக்கிறது. அளவு குறைவு என்பது மட்டுமே ஆறுதல். காற்றின் உப்பு இரும்பை என்ன செய்யும் என்பது நம் நாட்டில் புறக்கணிக்கத்தக்க விஷயமாக ஒருபோதும் இருந்ததில்லை; 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தைக் கடல்காற்றிலிருந்து காப்பது தலைமுறை தலைமுறையாக நடந்த வேலை, காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் உலோக அரிமானத்தை ஆராய்வதையே தன் முக்கியப் பணிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது.

இனி, அந்த வாளி நீர். எந்த நீர் என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் பகுதியில் பல வீடுகளின் போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கிறது; ஆர்.ஓ. இயந்திரம் ஒதுக்கித் தள்ளும் நீரை வீணாக்க மனமில்லாமல் கார் துடைக்கப் பிடித்துவைப்பவர்களும் உண்டு. நீரைச் சேமிக்கும் அந்த எண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் ஆர்.ஓ. ஒதுக்கும் நீரில், குழாயில் வந்த நீரைவிட உப்பு செறிவாக இருக்கும். அதைக் கழிவறைக்கு ஊற்றலாம், காருக்கு ஊற்றக் கூடாது. தினமும் உப்புநீரால் துடைத்தால் உப்பை அகற்றுவதற்குப் பதில் சேர்க்கிறோம். தினமும் துடைப்பதை விட்டுவிட்டு, வாரம் ஒருமுறை மெட்ரோ வாட்டரில் கழுவுங்கள். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது உங்கள் வீட்டில் மொட்டைமாடி நீரைத் தொட்டியில் பிடிக்கும்படி அமைத்திருந்தால், கடைசி அலசலுக்கு அதைவிடச் சிறந்த நீர் கிடையாது.

மழை பெய்தால் கார் கழுவப்பட்டுவிடும் என்றும் நினைக்க வேண்டாம். மழை கூரையையும் பானட்டையும்தான் கழுவும். மட்கார்டின் உட்புறத்தையும் அடிப்பாகத்தையும் தொடாது. அங்கே உப்பு அப்படியே சேர்ந்துகொண்டிருக்கும் என்பதால், தோட்டத்துக் குழாயை மட்கார்டின் உட்புறம் மேல்நோக்கிப் பிடித்து ஐந்து நிமிடம் அடியுங்கள். அங்கே படிந்த சேற்றுக்குக் கீழே ஆக்சிஜன் குறைவாக இருக்கும். துரு குழிவிழுந்து ஆழமாகப் போவது அப்படிப்பட்ட இடத்தில்தான். இரவில் நீங்கள் போடுவது காற்றுப் புகாத ரெக்சின் கவராக இருந்தால் அதை எடுத்துவிட்டு, காற்றுப் புகும் துணிக் கவர் வாங்குங்கள், அதையும் ஈரக் காரின்மேல் போடாதீர்கள். கதவடியில் தெரியும் பழுப்புக் கோட்டை இப்போதே சுரண்டி, துருவை மாற்றும் பாஸ்பாரிக் அமிலக் கலவை தடவி, பிரைமரும் பெயின்ட்டும் போட்டுவிட்டால் டிங்கரிங் வரை போகாது. மழைக்காலத்துக்கு முன் கதவுகளின் உள்ளே மெல்லிய மெழுகெண்ணெயும் அடித்துவிடுங்கள்.

கேள்வி: பேட்டரியோடு இணைத்தால் காரின் உடல் முழுவதையும் துருவிலிருந்து காக்கும் மின்னணுக் கருவி என்று ஒன்றை விற்கிறார்கள். கப்பல்களில் இதே முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்றும் சொன்னார்கள். வாங்கலாமா?
— ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: வாங்க வேண்டாம். கப்பலைப் பற்றிச் சொன்னது உண்மைதான்: 1824-இல் ஹம்ப்ரி டேவி கப்பல்களின் செம்புத் தகட்டை இந்த வழியில் காக்கலாம் என்று காட்டினார், இன்றும் இரும்புக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். இரும்புக்குப் பதில் துத்தநாகம் கரைந்துபோகும். ஆனால் கப்பல் கடலில் மிதக்கிறது. கட்டிக்கும் கப்பலின் ஒவ்வொரு பகுதிக்கும் இடையே இடைவிடாமல் உப்புநீர் இருப்பதால் மின்னோட்டம் சுற்றி வர வழியிருக்கிறது. கார் காற்றில் நிற்கிறது. பின் மட்கார்டில் ஒரு துளி, முன்கதவில் ஒரு துளி என்று தனித்தனியே ஈரம் இருக்கும் இடத்தில், பானட்டுக்குள் இருக்கும் பெட்டியின் மின்னோட்டம் அவற்றை எட்ட வழியே இல்லை. துத்தநாகத்தின் பலன் உங்களுக்கு வேண்டுமென்றால், துத்தநாகம் பூசிய தகட்டில் செய்த காரைத் தேர்ந்தெடுங்கள். அங்கே கீறல் விழுந்த இடத்தருகிலேயே துத்தநாகம் இருப்பதால் அது வேலை செய்கிறது. கருவிக்கான பணத்தில் பல வருடத்துக்கு வாட்டர் சர்வீஸ் செய்யலாம்.

கேள்வி: வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடிப்பாகத்தில் டீசலும் பழைய இன்ஜின் ஆயிலும் கலந்து அடிப்பது நல்லதுதானே? என் தந்தை காலத்திலிருந்து செய்கிறோம்.
— ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: உங்கள் தந்தையார் எண்ணெய்ப் படலம் வேண்டும் என்று நினைத்தது மிகச் சரி. ஆனால் ஓடிக் கறுத்த இன்ஜின் ஆயிலில் அமிலமும் உலோகத் துகள்களும் சேர்ந்திருக்கும், டீசல் ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுக்கும், சொட்டும் எண்ணெய் மழையில் நேரே கால்வாய்க்கும் ஆற்றுக்கும் போகும். துருத் தடுப்புக்கென்று விற்கும் எண்ணெயையோ லானோலின் ஸ்ப்ரேயையோ வருடம் ஒருமுறை, கார் காய்ந்தபின் அடியுங்கள்.

கேள்வி: பெசன்ட் நகரில் பத்து வருடம் இருந்த பழைய கார் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. பெயின்ட் புதிதுபோல இருக்கிறது. துரு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?
— ஒரு வாசகி, அண்ணா நகர்

பதில்: பத்து வருடக் காரின் பெயின்ட் புதிதுபோல இருந்தால், ஏன் புதிதாக அடித்தார்கள் என்ற கேள்வியோடு போங்கள். ஒரு டார்ச்சும், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் சிறு காந்தமும் போதும். காந்தத்தின்மேல் மெல்லிய துணியைச் சுற்றி மட்கார்டு விளிம்பிலும் கதவடியிலும் நகர்த்துங்கள். இரும்பில் பிடிப்பது போல் பிடிக்காமல் வழுக்கினால் அங்கே பெயின்ட்டுக்குக் கீழே பட்டி போட்டு நிரப்பியிருக்கிறார்கள். டிக்கியில் ஸ்டெப்னி டயரை எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள், ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், சீட் போல்ட்டின் தலை எந்த நிறத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். கதவுகளுக்குக் கீழே உள்ள பெட்டிப் பகுதியை முன்னிருந்து பின்வரை விரல் கணுவால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டுக்கொண்டிருந்த ஓசை ஓரிடத்தில் மொத்தென்று மாறினால் அங்கே நின்றுவிடுங்கள்.

பெயின்ட் உப்பியிருப்பதைத் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். ஆனால் அந்தப் பெட்டிப் பகுதியில் ஓட்டை இருந்தால் பட்டி வைத்து மூடுவது பழுதுபார்ப்பே ஆகாது. விபத்தில் உங்களைக் காக்க வேண்டிய பாகம் அது. அரித்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய எவ்வளவு ஆகும் என்று டிங்கரிங் கடையில் எழுதி வாங்கி, விலையில் கழிக்கச் சொல்லுங்கள். லிஃப்டில் ஏற்றி பிரேக் குழாய்களைப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அந்தக் காரை வாங்காதீர்கள்.